பொருந்தாத ரீடிங்

எதிர்வீட்டு அக்கா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, மே மாசம் லீவு முழுக்க ஏதோ ஆராய்ச்சி லேப்ல போய் இருக்கணும்கிறா. அவ காலேஜ்லயே லேப் இருக்கே, அங்க செய்யாததை இங்க என்ன செய்யப்போறா?"

மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்று நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை; அக்காவுக்கு எப்படித் தெரியும்? அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கல்லூரி லேபில் விடை முன்பே தெரியும். தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும். ஒரு பெண்ணுக்கு 10.8 வருகிறது. பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கிறாள், நேரத்தைக் கொஞ்சம் திருத்துகிறாள், ரெக்கார்டு நோட்டில் 9.78 என்று அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறாள். நாங்கள் எல்லாரும் செய்ததுதான். ஆனால் அந்த 10.8 ஒரு சேதி சொல்ல வந்தது. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால், 20 அலைவு என்று நாம் நினைப்பது உண்மையில் 19தான். அந்த ஒரு எண்ணிக்கைப் பிழையே 9.8ஐ 10.8க்கு மேல் கொண்டுபோய்விடும். திருத்தி எழுதியவளுக்குத் தன் பிழை எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

ஆராய்ச்சி லேபில் எட்டிப் பார்க்கப் பக்கத்து மேசை இல்லை. விடை புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லை, பேராசிரியருக்கும் தெரியாது. அங்கே பொருந்தாத ரீடிங் வந்தால் இரண்டில் ஒன்று: கருவியிலோ கையிலோ பிழை இருக்கிறது, அல்லது இதுவரை யாரும் பார்க்காத ஒன்று எதிரே நிற்கிறது. எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே வேலை. மாதக்கணக்கில் அதுவே வேலை.

"படிக்கிற பிள்ளைங்க கண்ணுக்கு அப்படி என்ன படும்?" என்றார் அக்கா. அவருக்கு சர் சி.வி. ராமன் கதையைச் சொன்னேன். நோபல் பரிசு பெற்ற கதை அல்ல, அதற்கு முந்தியது.

சென்னை மாநிலக் கல்லூரியில் ராமன் மாணவராக இருந்த காலம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கிற சோதனையை இயற்பியல் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளியை மிகவும் சாய்வாக விழச் செய்தால், பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறுகலான செவ்வகத் துளை வழியே வந்ததுபோல நடந்துகொள்ளும். நடுவில் ஒரு வெளிச்சம், இருபுறமும் ஒளிப்பட்டைகள். பாடப்புத்தகக் கணக்குப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ராமன் பார்த்த பட்டைகள் அப்படி இல்லை. அகலம் இருபுறமும் வேறுபட்டது. கோணத்தை அளந்து எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர் அந்த வேறுபாட்டையே அளந்தார், காரணம் கண்டார், கட்டுரையாக்கி லண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் 'பிலாசபிகல் மேகசின்' இதழில் அது அச்சானது. ஆசிரியர் என்று அவர் பெயர் ஒன்றுதான். வயது 18.

அக்காவின் மகளும் அதே சோதனையைப் போன வருடம்தான் செய்திருக்கிறாள்.

இன்னொரு கதை இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில். ஜோசலின் பெல் அங்கே முனைவர் பட்ட மாணவி. அவருடைய கைடு ஆண்டனி ஹியூவிஷ். இரண்டு வருடம் சக மாணவர்களோடு சேர்ந்து நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து ஒரு ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார்கள். அதுவும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு என்று நினைக்கிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். 1967இல் கருவி ஓடத் தொடங்கியதும் தினமும் ஏறக்குறைய 30 மீட்டர் தாளில் பேனா கோடு இழுத்துக்கொண்டே போகும். அத்தனையையும் கண்ணால் பார்த்தது அந்த மாணவி. வானம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்து முடிக்க நான்கு நாள், 120 மீட்டர் தாள். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல். வானத்திலிருந்து வழக்கமாக வரும் ரேடியோ அலை போலவும் இல்லை, வண்டி எஞ்சினிலிருந்து வரும் இரைச்சல் போலவும் இல்லை.

ஹியூவிஷ் முதலில் மனிதர்கள் உண்டாக்கிய இடையூறு என்றே நினைத்தார். பெல் விடவில்லை. பழைய தாள்களைப் புரட்டினார். கிறுக்கல் வானத்தின் அதே இடத்திலிருந்துதான் வந்திருந்தது. ஊர் இரைச்சல் நம் கடிகாரப்படி வரும். விண்மீன்களோ தினமும் நான்கு நிமிடம் முந்தி வரும். இந்தக் கிறுக்கல் விண்மீன்களோடு சேர்ந்து முந்திக்கொண்டே வந்தது. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல், 1.34 நொடிக்கு ஒரு துடிப்பு, நூல் பிடித்தாற்போல. அப்படித்தான் பல்சார் என்னும் துடிக்கும் விண்மீனை உலகம் அறிந்தது.

இதில் கூலியும் பெயரும் யாருக்கு என்ற கேள்வியை நான் ஒளிக்க விரும்பவில்லை. அக்காவே கேட்டுவிட்டார்: "இவ பேரு போடுவாங்களா?" 1968இல் வந்த கட்டுரையில் பெல்லின் பெயர் இரண்டாவதாக இருந்தது. ஆனால் 1974இல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல்லுக்கு இல்லை. அது சரியல்ல என்பதே என் தீர்மானமான எண்ணம். 2018இல் அவருக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு ஒன்று வந்தது. முழுத் தொகையையும் இயற்பியல் ஆராய்ச்சிக்குள் வர வாய்ப்புக் குறைந்த மாணவர்களின் உதவித்தொகைக்கே கொடுத்துவிட்டார். ஆகவே சேரும் முதல் வாரத்திலேயே, என் வேலை கட்டுரையில் வந்தால் என் பெயர் எங்கே வரும் என்று கேட்பதில் தவறே இல்லை. பெயரை ஆசிரியர் வரிசையில் போடுவது வேறு, கடைசியில் நன்றி சொல்வது வேறு.

அக்காவின் மகள் லேபில் சேர்ந்தால், முதல் இரண்டு மூன்று வாரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. கண்ணாடிச் சாமான் கழுவுவாள், கருவியைப் பிரித்துத் துடைப்பாள், ஸ்காலர் அண்ணன்களும் அக்காக்களும் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள், புரியாத கட்டுரையை நாலு தடவை படிப்பாள். வீட்டுக்கு வந்து "ஒண்ணுமே நடக்கலை" என்பாள். நம்பாதீர்கள். அவள் கையிலிருக்கும் நோட்டைப் பாருங்கள். அது ரெக்கார்டு நோட்டு மாதிரி அழகாக இருக்காது. பென்சில் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, தேதி கட்டாயம். தப்பான எண்ணை ஒரே கோடால் அடிக்கலாம். ஆனால் அடித்த எண் படிக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அதுவே சரி என்று ஆகலாம். பன்னிரண்டு வருடம் திருத்தி எழுதிப் பழகிய கை இந்த ஒரு பழக்கத்துக்கு மாறவே இரண்டு மாதம் போதாது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்கின்றன. சென்னை ஐஐடியும் தனியாகக் கோடைப் பயிற்சிக்கு வெளி மாணவர்களை எடுக்கிறது. இரண்டுக்கும் கோடைக்கு மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஏப்ரலில் யோசித்தால் காலம் கடந்திருக்கும்.

அக்கா மகளை அனுப்பச் சம்மதித்துவிட்டார். இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பிராக்டிகலில் ஒரு பிள்ளை 10.8 என்று உள்ளபடி எழுதிக்கொண்டு வந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்கினாய் என்று கேளுங்கள்.