மலை வீட்டுக்கு எந்த பேட்டரி?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஏற்காட்டில் வெள்ளக்கடைப் பக்கம் சிமென்ட் வாசல்களில் பச்சைப் பாசி கட்டியிருக்கும். படிக்கட்டில் கால் வைக்கப் பயமாக இருக்கும். ஓட்டுக்கூரையின் தண்ணீர்த் தகரத்தைச் சில்வர் ஓக் சருகு அடைத்திருக்கும். வேலியோரப் புல் முழங்காலைத் தொடும். சேர்வராயன் மலையில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டுக்கும் முன்பாகக் கோடை மழை வேறு. சமவெளியில் வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற துப்புரவு வேலையை இங்கே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வேலைக்கு ஆள் தேடும் நேரத்தில்தான் காபிப் பழமும் பழுக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்று முதல் இங்கே வருஷக் கடைசி என்றால் பழம் பறிப்புக் காலம். தோட்டத்துக்கே ஆள் போதாதபோது வீட்டு வாசலைச் சுரண்ட யார் வருவார்கள்? மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வரும்; அதற்கு முன்னால் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் வீட்டையும் தோட்டத்தையும் பளிச்சென்று ஆக்கியாக வேண்டும். பேட்டரியில் ஓடும் புல்வெட்டி, கவாத்துக் கத்தரி, தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி, தூசு உறிஞ்சும் கருவி எல்லாம் மலைக்கு ஏறி வருவது இந்த நெருக்கடியால்தான்.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. முதுகில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஸ்பிரேயர் பல வருஷமாக நம் வயல்களில் இருக்கிறது. பதினாறு லிட்டர் டேங்க், அடியில் 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி, ஒரு சிறிய பம்பு. ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டே மறுகையால் தெளிக்கும் சிரமத்தை அது ஒழித்தது. காபியில் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிக்கிறவர்களுக்கு இந்தக் கருவி நன்றாகத் தெரியும். கலவையில் உள்ள சுண்ணாம்பு நாசிலில் உறைந்துவிடும், வேலை முடிந்த உடனே நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டிவிட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ஆனால் அந்த ஸ்பிரேயர் கற்றுக்கொடுத்த பழக்கத்தைப் புதிய கருவிகளுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஈய அமில பேட்டரியைக் காலியாக வைத்தால் உள்ளே சல்பேட் படிந்து கெட்டுவிடும். அதனால் எப்போதும் முழுச் சார்ஜில் வைப்பார்கள். புதிய கருவிகளில் இருப்பது லித்தியம் அயான். அதை மாதக்கணக்கில் உபயோகிக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வைப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. முழுச் சார்ஜில் வெயில்படும் இடத்தில் கிடந்தாலும் அது தேயும், அடியோடு காலியாகக் கிடந்தாலும் தேயும்.

பேட்டரியில் ஓடும் முதல் துளைபோடும் மிஷினை அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் விற்பனைக்கு விட்டது. நிலவில் பாறை மாதிரி எடுக்க 1971இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் கொண்டுபோன துளைக்கருவியை உருவாக்கியதிலும் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ஆனாலும் நிக்கல் காட்மியம் பேட்டரியின் கனமும் குறைந்த சக்தியும் இந்தக் கருவிகளை நெடுங்காலம் சில்லறை வேலைகளிலேயே கட்டிவைத்தன. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது பெரிய கருவிகளுக்குள் நுழைந்தது. அந்த பேட்டரியை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு பெண் ஒற்றைக் கையில் தூக்கிப் பிடித்து வேலி வெட்டுகிற மிஷின் சாத்தியமானது இதனால்தான்.

ஆகவே கடையில் கருவியைக் கையில் எடுக்கும் முன் பேட்டரியை எடுத்துப் பாருங்கள். கருவியில் மிச்சமிருப்பது ஒரு மோட்டாரும் ஒரு கத்தியும்தான். எவ்வளவு நேரம் ஓடும், எத்தனை வருஷம் வரும் என்பதையெல்லாம் பெரும்பாலும் பேட்டரியே தீர்மானிக்கிறது. கருவிக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பங்கும் பல நேரம் அதற்கே போகிறது.

கணக்கு சுலபமானது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணி என்றால் 72. சருகு ஊதும் மிஷின் 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் சிறிய பேட்டரி ஐந்து நிமிஷத்தில் படுத்துவிடும். புல்வெட்டி 250 வாட் இழுத்தால் பெரிய பேட்டரி சுமார் பதினேழு நிமிஷம் தாங்கும். கவாத்துக் கத்தரி வெட்டும் அந்த நொடியில் மட்டுமே மின்சாரம் எடுக்கிறது. சிறிய பேட்டரியே அதற்கு ஏராளம். மின்கட்டணத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தே 72 வாட்-மணி பேட்டரியை ஒரு யூனிட்டில் பத்துத் தடவைக்கு மேல் ஏற்றலாம்.

இங்கேதான் பெரிய ஏமாற்று நடக்கிறது. இணையக் கடைகளில் ‘48’, ‘88’, ‘198’ என்று எண்ணைப் பெரிதாக அச்சிட்ட தண்ணீர்த் துப்பாக்கிகளும் கைரம்பங்களும் மலிவாகக் குவிந்திருக்கின்றன. பார்ப்பவர் அதை வோல்ட் என்று எடுத்துக்கொள்வார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து செல் வரிசையாக இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. முழுச் சார்ஜில் அதுவே 21 வரை காட்டும். நல்ல கம்பெனிகளிலும் ஒன்று 18 என்றும் இன்னொன்று 20 என்றும் எழுதுவது இதே ஐந்து செல்லைத்தான்; அதில் மோசம் இல்லை, அளக்கும் தருணம் மட்டுமே வேறு. டிவால்ட் தன் பேட்டரியை அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்கிறது.

போலியைப் பிடிக்கக் கையின் தீர்ப்பே போதும். சாதாரண 18650 வகைச் செல் ஒன்று ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். அதன் கொள்ளளவு 3.5 ஆம்பியர்-மணியைத் தாண்டுவது அரிது. ஐந்து செல், அதன் மேல் பிளாஸ்டிக் கூடு என்று மொத்தம் 300, 350 கிராம் எடையுள்ள பேட்டரியில் ‘15 ஆம்பியர்-மணி’ என்று எழுதியிருந்தால் அது பொய். வாட்-மணி லேபிளில் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அதை எழுதத் தயங்குகிற கம்பெனியிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது, ஒரே குடும்பத்து பேட்டரி. போஷ், மகிடா, டிவால்ட் என ஒவ்வொரு கம்பெனியின் பேட்டரிக்கும் பொருத்தும் வாய் தனி. ஒரே கம்பெனிக்குள்ளும் சில சமயம் ஒத்துப்போகாது. போஷின் பச்சை நிற வீட்டுக் கருவி பேட்டரி நீலநிறத் தொழில்முறைக் கருவியில் ஏறாது. மறுபுறம் ரியோபி நிறுவனம் 1996இல் கொண்டுவந்த 18 வோல்ட் பேட்டரி வாயை இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கிறது. இந்தியக் கடைகளில் அது அதிகம் கிடைப்பதில்லை என்றாலும், ஒரு கம்பெனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அது அளவுகோல். முதல் கருவியோடு இரண்டு பேட்டரியும் ஒரு சார்ஜரும் வாங்கிவிட்டால், அடுத்தடுத்த கருவிகளை பேட்டரி இல்லாமல் வெறும் உடலாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். எந்தக் குடும்பம் என்று தேர்ந்தெடுக்க மலைவாசிகளுக்கு ஒரு கூடுதல் கேள்வி உண்டு: சேலத்தில் சர்வீஸ் இருக்கிறதா? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப்போய், அங்கிருந்து வேறு ஊருக்கு அனுப்பிவைத்து மாதம் காத்திருப்பது நடக்கிற காரியமில்லை.

வேலைகளுக்கு வருவோம். மலைவீட்டில் முதல் எதிரி பாசி. கம்பியில்லாத் தண்ணீர்த் துப்பாக்கிகள் பொதுவாக 20 முதல் 25 பார் அழுத்தம் தரும். கரண்டில் ஓடும் பிரஷர் வாஷர் 100 பாருக்கு மேல் தரும். இரண்டும் ஒன்றல்ல. பேட்டரி துப்பாக்கி, வாளித் தண்ணீரை உறிஞ்சி ஸ்கூட்டர், ஜன்னல் கம்பி, பூந்தொட்டி, புதிதாகப் படிந்த சேறு எல்லாவற்றையும் நன்றாகக் கழுவும். மூன்று மாதம் ஊறிய பாசியைப் பெயர்க்காது. அதற்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து ஊறவைத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு கழுவ வேண்டும். அந்தக் கரைசல் செடிப் பாத்திக்குள் ஓடக் கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு அது கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கரண்டு வாஷர்தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஈர வாசலில், வெறுங்காலோடு, இழுத்துவிட்ட வயரோடு நிற்கும் வேலை அது. வீட்டு மெயினில் மின்கசிவு தடுப்பான் (ஈ.எல்.சி.பி.) இல்லாமல் அதைத் தொடக் கூடாது. எப்போதும் ஈரமாகவே கிடக்கும் மலை வாசலில் வயர் இல்லாமை என்பது சௌகரியம் மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்பு. இன்னொன்று: ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் வேக நீரைப் பீய்ச்ச வேண்டாம். நுரையீரலுக்குக் கேடான நார் அதிலிருந்து பெயர்ந்து வரும்.

புல் விஷயத்தில் தோட்டத்தின் அளவே முடிவு சொல்லும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. சிறிய டூ-ஸ்ட்ரோக் என்ஜின் அதில் ஆறில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று வைத்தாலும், அந்த ஒரு லிட்டருக்கு ஈடுகொடுக்க 72 வாட்-மணி பேட்டரி இருபது வேண்டும். ஏக்கர் கணக்கில் காபி வைத்திருப்பவருக்கு பெட்ரோல் பிரஷ் கட்டர்தான் இன்னும் கட்டுப்படியாகும். வீட்டைச் சுற்றி ஐந்து பத்து சென்ட் என்றால் பேட்டரி புல்வெட்டி தாராளமாகப் போதும். ஆயில் கலக்க வேண்டாம், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டாம், புகை இல்லை. சத்தம் குறைவு என்பதும் இந்த மலையில் சின்ன விஷயமில்லை. காட்டெருமை நடமாடும் இடங்களில் வேலை செய்கிறவருக்குக் காது திறந்திருக்க வேண்டும்.

புல்வெட்டியின் நைலான் இழை மெல்லியதுதான், ஆனால் இளங்கன்றின் பட்டையை ஒரே சுற்றில் உரித்துவிடும். பட்டை சுற்றிலும் உரிந்த காபிக் கன்றோ ஆரஞ்சுக் கன்றோ பிழைக்காது. செடியின் அடியைச் சுற்றி ஒரு முழம் அளவுக்குக் களைக்கொத்தாலேயே கொத்துங்கள். சரிவில் கல் தெறிக்கும். கண்ணாடியும் பூட்ஸும் அணியாமல் வெட்டக் கூடாது.

கவாத்துக் கத்தரிதான் இந்தக் கருவிகளிலேயே அதிகம் பலன் தருவது என்று சொல்லலாம். விரல் மூட்டு வலிக்கிற வயதிலும் 25 மில்லிமீட்டர் தடித்த கிளையை நொடியில் வெட்டலாம். விரலையும் அதே நொடியில் வெட்டும். கிளையைப் பிடித்திருக்கும் கை கத்தரியிலிருந்து விலகியே இருக்க வேண்டும். நான்கு அங்குலச் சங்கிலி ரம்பத்தை ஏணியில் நின்று ஒற்றைக் கையால் ஓட்டுவதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. சங்கிலியின் நுனி கட்டையில் இடித்தால் ரம்பம் முகத்தை நோக்கித் திரும்பும். சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க நீண்ட அலுமினியக் கம்பில் ரம்பம் பொருத்துகிறவர்கள் பக்கத்தில் கரண்டுக் கம்பி ஓடுகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சருகு ஊதும் மிஷினை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். மழையில் நனைந்து தரையோடு ஒட்டிய சருகை அது அசைக்காது. காய்ந்த சருகுக்குத் தென்னந்துடைப்பமே போதும். கூட்டிய சருகை எரிக்காமல் செடியடியில் மூடாக்காகப் போட்டால் மண்ணுக்கு நல்லது.

வீட்டுக்குள் தூசு உறிஞ்சும் கருவிக்கு ‘60 நிமிஷம்’ என்று போட்டிருந்தால் அது மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் கணக்கு. முழு வேகத்தில் எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். எட்டு, பத்து என்று பதில் வரும். பழைய பங்களாக்களின் மரத்தரைக்கும் மெத்தைக்கும் அது உதவும். கழுவிய ஃபில்டர் கீழே சேலத்தில் ஒரு நாளில் காய்ந்தால், பனிமூட்டக் காலத்தில் இங்கே இரண்டு மூன்று நாள் ஆகும். ஈரத்தோடு மாட்டினால் நாற்றமும் பூஞ்சையும் வரும், மோட்டாரும் கெடும். அதனால் ஃபில்டர் இரண்டாக வாங்கிவிடுவது மேல்.

பராமரிப்பு என்று பார்த்தால் ஏற்காட்டுக் குளிர் லித்தியத்துக்கு ஆபத்தில்லை. சார்ஜ் ஏற்றக் கூடாத உறைநிலைக்கு இங்கே வெப்பம் இறங்குவதில்லை. ஈரம்தான் பகை. பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வேலை முடிந்து சுடச்சுட இருக்கும்போது சார்ஜில் போடாமல் அரைமணி ஆறவிட வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் மட்டும் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்படிப்பட்ட நாட்களில் வாசலில் விழுந்த கிளையை அறுத்து வழிவிட சார்ஜ் உள்ள ஒரு கைரம்பம் பெரிய துணை.

உப்பிப்போன, விழுந்து நசுங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போட வேண்டாம், தீப்பிடிக்கும். காலாவதியானதைக் குப்பையோடு எரிப்பதும் காபிச் செடி ஓரம் புதைப்பதும் மண்ணையும் ஓடையையும் கெடுக்கும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு வழிசெய்வது தயாரிப்பாளரின் கடமை. அடுத்தமுறை சேலம் இறங்கும்போது அதையும் பையில் எடுத்துப்போய், கருவி வாங்கிய கடையில் ஒப்படையுங்கள். வாங்க மறுத்தால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.