கோழிக் கொழுப்பு ஏன் காறுகிறது?

கோழிக் கொழுப்பைக் கழிவென்று ஒதுக்கிவிடக் கூடாது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குப் பன்றிக் கொழுப்பு விலக்கு. இறைச்சியோடு வெண்ணெய் சேர்ப்பதும் விலக்கு. அதனால் கோழி, வாத்துக் கொழுப்பை உருக்கி, 'ஷ்மால்ட்ஸ்' என்ற பெயரில் சேமித்துச் சமைத்தார்கள். இன்று ஆலைகளில் உருக்கப்படும் கோழிக் கொழுப்பு தீவனத்துக்கும், நாய், பூனை உணவுக்கும், பயோடீசலுக்கும் போகிறது. அடுப்படியானாலும் ஆலையானாலும் சிக்கல் ஒன்றுதான்: காறல்.

மாட்டுக் கொழுப்பைவிடக் கோழிக் கொழுப்பு சீக்கிரம் காறும். இதிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுறாதவை. லினோலியிக் அமிலம் மட்டுமே சுமார் 20 சதவீதம். அதன் இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அந்த இடத்தில் ஆக்சிஜன் ஏறும். ஆக்சிஜன் ஏறிய மூலக்கூறு, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறித்துப் பெராக்சைடாகும். பறிகொடுத்தது சங்கிலியின் அடுத்த கண்ணியாகும். இதைத் தடுக்கும் வைட்டமின் ஈ, தாவர எண்ணெய்களில் இருக்கும் அளவுக்குக் கோழிக் கொழுப்பில் இல்லை.

கெடுதல் உருக்குவதற்கு முன்பே தொடங்குகிறது. வெட்டிய கோழியின் கொழுப்பு வெப்பத்தில் கிடந்தால், லைப்பேஸ் நொதிகள் அதை உடைத்துக் கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். உடனே குளிரவைத்து, விரைவில் உருக்குவதே வழி. உருக்கும் சூடு நொதிகளை முடக்கும், செல்களை உடைத்துக் கொழுப்பை வெளியேற்றும், நீரை ஆவியாக்கும். அளவுக்கு மிஞ்சிய சூடோ ஆக்சிஜனேற்றத்தையே முடுக்கிவிடும். பிறகு சக்கையை நன்றாக வடிகட்ட வேண்டும். தங்கிவிட்ட இரத்தத்தின் இரும்பும், பாத்திரத்துச் செம்பும் காறலை விரைவுபடுத்தும். எனவே துருப்பிடிக்காத எஃகே ஏற்றது.

தரத்தை அறியப் பெராக்சைடு மதிப்பைப் பார்ப்பார்கள். அதை மட்டும் நம்பினால் ஏமாறலாம். பெராக்சைடு நிலையற்றது, சிதைந்து, சிக்கு வாடை வீசும் ஆல்டிஹைடுகளாக மாறும். முற்றிலும் கெட்ட கொழுப்பிலும் அந்த மதிப்பு குறைவாக இருக்கக்கூடும். ஆகவே ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

டோகோஃபெரால் (வைட்டமின் ஈ), பிஎச்ஏ என்ற செயற்கைச் சேர்மம் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் சங்கிலியை இடையில் அறுக்கும். ஆனால் நடந்துவிட்ட கெடுதலை அவை மாற்றுவதில்லை. கொழுப்பு புதிதாக இருக்கும்போதே கலக்க வேண்டும். வீட்டில் உருக்குபவர்கள் நீர்ப்பசை போகக் காய்ச்சி, வடிகட்டி, உலர்ந்த பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். இருட்டும் குளிரும் காறலைத் தள்ளிப்போடும். எவ்வளவு காலம் தள்ளிப்போடும் என்பது, உருக்குவதற்கு முன் அந்தக் கொழுப்பு காத்துக்கிடந்த நேரத்தையும் பொறுத்தது.