நேர்முகப் பரீட்சையில் எதைத் தேடுகிறார்கள்?

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பெரிதும் அச்சுறுத்துவது நேர்முகப் பரீட்சையாகும். எழுத்துப் பரீட்சைக்குப் பாடத்திட்டம் உண்டு, நேர்முகப் பரீட்சைக்கு அது இல்லை என்பதே பலரது எண்ணம். ஆனால் கூகிள், அமேசன் போன்ற பெரும் கணினிக் கம்பனிகள் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு ஆட்களைத் தெரிவுசெய்யும் விதத்தை நோக்கினால், அதிலும் ஓர் ஒழுங்கு இருப்பது புலனாகும்.

சந்தைப்படுத்தல் என்பது விளம்பரம் செய்வது மட்டுமன்று. இப்பொருள் யாருக்குத் தேவை? அவர் இப்போது எதைக் கொண்டு சமாளிக்கிறார்? எப்படிச் சொன்னால் அவருக்கு விளங்கும்? சொன்னதால் பயன் விளைந்ததா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே அத்தொழில். வெங்காயத்தை எந்தச் சந்தைக்கு, எந்த நாளில் கொண்டுபோவது என்று கணக்குப் பார்த்த கமக்காரருக்கு இது முற்றிலும் புதிதல்ல.

விடுகதைகள் போன காலம்

1990களில் மைக்ரோசொப்ட் கம்பனி, தெருக்களிலுள்ள கழிவுநீர்க் குழிகளின் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது போன்ற விடுகதைகளைக் கேட்பதில் பெயர்பெற்றிருந்தது. பின்னர் கூகிளும் அவ்வழியில் சென்றது. கூகிளின் ஆளணிப் பிரிவுத் தலைவராயிருந்த லஸ்லோ பொக், 2013 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த செவ்வியில், இவ்விடுகதைகள் வெறும் நேர விரயம் என வெளிப்படையாகக் கூறினார். கேட்பவர் தம்மைக் கெட்டிக்காரராக எண்ணிக்கொள்ளவே அவை உதவின என்பது அவரது கருத்து. பல்கலைக்கழகப் புள்ளிகளும், படிப்பை அண்மையில் முடித்தவர்களைத் தவிர ஏனையோரின் வேலைத்திறனைக் காட்டவில்லை என்றார். பத்துக்கு மேற்பட்ட தடவைகள் ஒருவரை அழைத்துக் கேட்ட அக்கம்பனி, நான்கு நேர்முகங்களே போதுமென்று தனது சொந்தக் கணக்கெடுப்பிலிருந்து கண்டுகொண்டது.

ஆய்வாளரும் இதையொட்டிய முடிவுக்கே வந்துள்ளனர். 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிற், ஹன்ரர் ஆகிய இருவரும் 1998 இல் வெளியிட்ட கட்டுரை, மனம்போன போக்கில் கேட்கும் நேர்முகத்தைவிட ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்முகமே நம்பத்தக்கது எனக் காட்டியது. 2022 இல் போல் சக்கெற்றும் அவரது குழுவினரும் அக்கணக்குகளைத் திருத்தினர். அப்போதும் ஒழுங்கான நேர்முகமே முதலிடத்தில் நின்றது.

இது எமக்கு ஏன் முக்கியம்? கேள்விகள் மனம்போன போக்கில் அமையும்போது, கேட்பவர் தன்னைப் போலப் பேசுபவரையும், தான் படித்த பாடசாலையில் படித்தவரையும் விரும்பிவிடுவது எளிது. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே அளவுகோலால் அளந்தால், அறிமுகமோ செல்வாக்கோ இல்லாத பிள்ளைக்கும் இடம் கிடைக்க வழி பிறக்கும்.

எவ்வாறு கேட்கிறார்கள்?

அமேசன் தனது 16 தலைமைத்துவக் கொள்கைகளை எவரும் வாசிக்கத்தக்கதாக வெளியிட்டுள்ளது. கேள்விகள் அவற்றிலிருந்தே பிறக்கின்றன. "நீங்கள் தோல்வியடைந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்", "போதிய தகவல் இல்லாமல் முடிவெடுத்த ஒரு வேளையைச் சொல்லுங்கள்" என்ற பாங்கில் அவை அமையும். வேலைக்கு ஆள் தேவைப்படும் பிரிவைச் சேராத ஒருவரும் கேட்பவர்களுள் இருப்பார். அவசரத்துக்கு யாரையாவது எடுத்துவிடாமல் பார்ப்பது அவரது பொறுப்பு.

விடையை நான்கு படிகளில் சொல்லும்படி அக்கம்பனியே ஆலோசனை கூறுகிறது.

1. நிலைமை என்ன?
2. உங்கள் பொறுப்பு என்ன?
3. நீங்கள் செய்தது என்ன?
4. விளைவு என்ன?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "நான் சங்கத்தில் மிளகாய்த்தூள் விற்றேன், நன்றாகப் போனது" என்பது பலவீனமான விடை. "மாதம் 40 கிலோவே விற்றது. விற்பனையைக் கூட்டும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. வாங்காத வீடுகளில் விசாரித்தேன். பொதி பெரிது, ஒரே தடவையில் அவ்வளவு காசு இல்லை என்றார்கள். 100 கிராம் பொதி போட்டோம். மூன்று மாதத்தில் 65 கிலோவானது" என்பது பலமான விடை. இதில் விசாரணை உண்டு, தீர்மானம் உண்டு, கணக்கும் உண்டு. "நாங்கள்" செய்தது எது, "நான்" செய்தது எது என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும்.

தெரியாததை எப்படிச் சொல்வது?

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2004 ஏப்ரல் 1 ஆம் திகதி கூகிளின் நேர்முகத்துக்குச் சென்றார். அவர் நாடியது சந்தைப்படுத்தல் வேலையன்று, உற்பத்திப்பொருள் முகாமைக்குரியது. அன்றுதான் ஜீமெயில் என்ற மின்னஞ்சல் சேவை அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டனர். முட்டாள்கள் தினப் பகிடியோ என்றே அவர் எண்ணினாராம். நான்காமவர், அதைப் பார்த்ததுண்டா என்று கேட்டபோது இல்லை என்றார். அவர் அதைக் காட்டினார். ஐந்தாமவர் கேட்டபோது பிச்சையால் கருத்துச் சொல்ல முடிந்தது. 2017 இல் கரக்பூரில் மாணவரிடையே அவரே இதைக் கூறினார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் அவருக்கு யாரும் காட்டியிருக்கமாட்டார்கள்.

இக்கம்பனிகளுக்கு வரும் விண்ணப்பங்கள் இலட்சக்கணக்கானவை, இடம்பெறுவோர் சிலரே. ஆயினும் இவ்வாயத்தம் வங்கி, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம் என எந்த நேர்முகத்துக்கும் பயன்படும். உங்கள் வீட்டுப் பிள்ளை இதுவரை செய்த ஐந்து வேலைகளை ஒரு கொப்பியில் இந்நான்கு படிகளாக எழுதட்டும். கடையில் நின்றதும், தோட்டத்துக் கணக்கு வைத்ததும், சிறுவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் வேலைகளே. எழுதியதைப் பெரியவர்கள் முன் உரத்துச் சொல்லட்டும். விளங்காத இடத்தில் நீங்கள் கேள்வி கேளுங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்திருக்கலாம். செய்த வேலையின் அனுபவம் தொலைவதில்லை.