ஈமுவை யார் வாங்குவா?

பிள்ளைகளே, ஆறடி உயரம், காலுக்கு மூன்று விரல், கரும்பச்சை முட்டை. என்ன பறவை? ஈமு! சொந்த ஊர் ஆஸ்திரேலியா. பறக்காது, ஆனால், மணிக்கு 50 கி.மீ., வேகத்தில் ஓடும். அடைகாப்பது அப்பா ஈமுதான். எட்டு வாரம், அநேகமாகச் சாப்பிடாமலே உட்கார்ந்திருக்கும். பாவம்!

தேனி மாவட்டம் தேவாரத்தில், மலையடிவாரத்தில் என் தம்பிக்குச் சின்னத் தோட்டம். 2011ல் ஒருநாள், "அண்ணே, ஈமு வளர்க்கப் போறேன். ஒன்றரை லட்சம் கட்டினா குஞ்சு, தீவனம், மாசாமாசம் பணம் எல்லாம் கம்பெனியே தருமாம். வளர்ந்ததும் அவங்களே திருப்பி வாங்கிக்குவாங்களாம்' என்றான். மாட்டை விற்கவும் தயார்!

ஏழாவது படித்த அவன் மகள் கேட்டாள்: "மலையில விளையுற ஏலக்காயை போடியில ஏலம் போட்டு வியாபாரிங்க வாங்குறாங்க. கம்பெனி ஈமுவை யாருக்குப்பா விக்கும்? ஈமுக்கறி தின்னவங்க நம்ம ஊர்ல யாரு?'

தம்பி விழித்தான். நான் வாத்தியார், எனக்கே தோன்றாத கேள்வி!

விசாரித்தோம். கறிக்கும் எண்ணெய்க்கும் வாங்க ஆளே இல்லை. புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணம்தான், பழையவர்களுக்கு மாதப் பணமாகப் போய்க்கொண்டிருந்தது. புது ஆள் வருவது நின்றால்?

2012 ஆகஸ்டில் நின்றது. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு கம்பெனிகள் அடுத்தடுத்து மூடின. பணம் கட்டியவர்கள் போலீசில் புகார் கொடுத்தனர். ஆயிரக்கணக்கான ஈமுக்கள் பட்டினி கிடந்தன. கடைசியில் அரசாங்கம்தான் தீவனம் போட்டது.

தம்பி மாட்டை விற்கவில்லை. கூடவே நாலு வெள்ளாடு வாங்கினான். மகள்தான் பெயர் வைத்தாள். அதில் ஒன்றின் பெயர், ஈமு!