அபாயம் இல்லையா, தெரியவில்லையா?

வடகிழக்குப் பருவமழை வலுத்த வருடங்களில் மதுரைப் பதிப்புச் செய்தித்தாள்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். வைகை அணை 66 அடியைத் தொட்டுவிட்டது, கரையோரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்பதுதான் அது. ஆண்டிபட்டி அருகே உள்ள இந்த அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 66 அடியில் முதற்கட்ட எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். மூன்றாவதோடு உபரிநீர் திறப்பும் வந்துவிடும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என ஐந்து மாவட்டக் கரைகளுக்கும் இந்த மூன்று எண்கள்தான் கணக்கு.

இந்த மூன்று எண்களையும் வைத்துப் பயிற்சிக்காக ஒரு நிரல் எழுதிய கல்லூரி மாணவி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். "விடை சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் 'நிபந்தனைகளை ஒழுங்காக அடுக்கவில்லை' என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். விடை சரியாக வந்தால் போதாதா?" என்பது அவர் கேள்வி.

போதாது. ஏன் என்று அவருடைய நிரலே சொல்கிறது. அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

நீர்மட்டம் 66-க்கு மேல், 68.5-க்குக் கீழ் என்றால் முதல் எச்சரிக்கை.
நீர்மட்டம் 68.5-க்கு மேல், 69-க்குக் கீழ் என்றால் இரண்டாம் எச்சரிக்கை.
நீர்மட்டம் 69-க்கு மேல் என்றால் மூன்றாம் எச்சரிக்கை.

67 அடி கொடுத்தால் முதல் எச்சரிக்கை. 68.7 கொடுத்தால் இரண்டாவது. 70 கொடுத்தால் மூன்றாவது. எல்லாம் சரி. சரியாக 68.5 கொடுத்துப் பாருங்கள். அது 68.5-க்குக் கீழும் இல்லை, மேலும் இல்லை. எந்த வரியிலும் அகப்படாமல் நழுவிவிடும். இரண்டாம் எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய அதே நொடியில் நிரல் வாய் திறக்காது. 66-க்கும் 69-க்கும் இதே கதிதான்.

இன்னொரு குறை மெதுவாகக் கடிப்பது. 68.5 என்ற எல்லை இரண்டு வரிகளில் எழுதப்பட்டிருக்கிறது. நாளைக்கு அந்த எல்லையை 68 என்று மாற்றச் சொன்னால், ஒரு வரியில் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவது மிகச் சுலபம். முதல் வரியில் மட்டும் மாற்றினால் 68-க்கும் 68.5-க்கும் நடுவே அரை அடி ஓட்டை விழும். இரண்டாவது வரியில் மட்டும் மாற்றினால் அந்த அரை அடியில் இரண்டு எச்சரிக்கைகள் ஒன்றாக ஒலிக்கும்.

இதையே ஏணியாக அடுக்குவோம்:

69 அல்லது அதற்கு மேலா? மூன்றாம் எச்சரிக்கை.
இல்லையெனில், 68.5 அல்லது அதற்கு மேலா? இரண்டாம் எச்சரிக்கை.
இல்லையெனில், 66 அல்லது அதற்கு மேலா? முதல் எச்சரிக்கை.
இல்லையெனில், எச்சரிக்கை வேண்டாம்.

ஐந்து ஒப்பீடுகள் மூன்றாகிவிட்டன. ஒவ்வோர் எல்லையும் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. எந்த எண்ணும் இரண்டு படிகளுக்கு நடுவே விழ இடமில்லை. இரண்டாவது படியில் '69-க்குக் கீழ்' என்று எழுதவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இல்லையெனில்' என்ற ஒரு சொல் அதைச் சுமந்துகொண்டு வருகிறது. மேலே கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று விடை வந்தால்தான் இந்தப் படிக்கே இறங்க முடியும். ஆகவே கீழே போகப் போக, கையில் இருக்கும் எண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்தது கூடிக்கொண்டே போகிறது. கேட்க வேண்டியது குறைந்துகொண்டே போகிறது. நிரல் மொழிகளில் இவ்வளவு சின்னச் சொல் இவ்வளவு வேலை செய்வது வேறெங்கும் இல்லை என்பேன்.

அந்தச் சொல்லை நம்பினால், அடுக்கும் வரிசைக்கு உயிர் வந்துவிடுகிறது. 66-ஐ முதல் படியாக வைத்துப் பாருங்கள். 70 அடித் தண்ணீரும் '66 அல்லது அதற்கு மேல்'தானே? அது முதல் படியிலேயே சிக்கிக்கொள்ளும். மூன்றாம் எச்சரிக்கை எந்தக் காலத்திலும் ஒலிக்காது. சுமார் 70 கிலோமீட்டர் கீழே மதுரையில் யானைக்கல் தரைப்பாலத்தை வெள்ளம் மூடும்போதும் நிரல் 'முதல் எச்சரிக்கை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அரிசி சலிப்பவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று சல்லடைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், பெரிய துளைச் சல்லடை மேலே இருக்க வேண்டும். முழு அரிசி அதில் தங்கும், குருணை அடுத்ததில் தங்கும், நொய் அதற்கும் அடுத்ததில் தங்கும், தவிடு அடித்தட்டில் விழும். பொடித் துளைச் சல்லடையை மேலே வைத்தால் அரிசி, குருணை, நொய் மூன்றும் அதிலேயே குவிந்துவிடும். கீழே உள்ள இரண்டு சல்லடைகளும் சும்மா கிடக்கும். 66-ஐ முதலில் வைத்த ஏணி அதுதான்.

ஆனால் சல்லடையை வேறு மாதிரியும் வைக்கலாம். சாய்வாகக் கிடத்தி, பொடித் துளையை முதலிலும் பெரிய துளையைப் பிறகும் வைத்து மேலிருந்து உருட்டிவிட்டால், தவிடு முதலில் விழும், பிறகு நொய், பிறகு குருணை. கடைசிவரை உருண்டு போய்ச் சேர்வது முழு அரிசி. இங்கே கேள்வி திரும்பிவிடுகிறது. அடுக்குச் சல்லடை 'தங்குமா?' என்று கேட்டது. சாய்வுச் சல்லடை 'விழுமா?' என்று கேட்கிறது. நம் ஏணியையும் அப்படித் திருப்பலாம்:

66-க்குக் கீழா? எச்சரிக்கை வேண்டாம்.
இல்லையெனில், 68.5-க்குக் கீழா? முதல் எச்சரிக்கை.
இல்லையெனில், 69-க்குக் கீழா? இரண்டாம் எச்சரிக்கை.
இல்லையெனில், மூன்றாம் எச்சரிக்கை.

விடையில் துளி மாற்றமும் இல்லை. வருடத்தின் பெரும்பாலான நாட்களில் வைகை அணை 66 அடிக்குக் கீழேதான் இருக்கிறது. முதல் ஏணி அந்த நாட்களில் மூன்று ஒப்பீடுகளையும் செய்து முடித்துத்தான் 'வேண்டாம்' என்று சொல்லும். இரண்டாவது ஏணி ஒரே ஒப்பீட்டில் சொல்லிவிடும். அடிக்கடி நடப்பதை முதலில் கேள் என்று பாடப் புத்தகங்கள் சொல்வது இதற்காகத்தான். ஆனால் மணிக்கொரு தடவை அளக்கும் நீர்மட்டத்துக்கு, நொடிக்குக் கோடிக்கணக்கில் ஒப்பிடும் கணினியில் இரண்டு ஒப்பீடு மிச்சமாவது ஒரு பொருட்டே இல்லை. வேகத்துக்காக வரிசையைக் குழப்பி எழுதுபவர்கள் பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. இரண்டு ஏணிகளுக்கும் நடுவே உள்ள நிஜமான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. அளவுக் கருவி பழுதாகும்போது அது வெளியே வரும்.

கணினிகளில் 'எண் அல்ல' என்று ஒரு விசித்திர மதிப்பு உண்டு. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது அது. கருவியிலிருந்து அளவு வராதபோது அந்த இடத்தை நிரப்பவும் அதையே வைப்பது வழக்கம். பின்ன எண்களைக் கணினி எப்படிக் கையாள வேண்டும் என்று 1985-இல் வந்த ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்ற தரம் இதற்கு ஒரு குணம் கொடுத்திருக்கிறது. 69-க்கு மேலா என்று கேட்டால் இல்லை. 66-க்குக் கீழா என்று கேட்டால் அதற்கும் இல்லை. உனக்கு நீயே சமமா என்று கேட்டாலும் இல்லை.

இதை நம் சல்லடைகளில் போடுங்கள். அடுக்குச் சல்லடையில் 'தங்குமா?' என்ற ஒவ்வொரு கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று இறங்கி அடித்தட்டில் விழும். அங்கே எழுதியிருப்பது 'எச்சரிக்கை வேண்டாம்'. சாய்வுச் சல்லடையில் 'விழுமா?' என்ற ஒவ்வொரு கேள்விக்கும் இல்லை என்று கடைசிவரை உருளும். அங்கே எழுதியிருப்பது 'மூன்றாம் எச்சரிக்கை'. ஒரே விதி, ஒரே எண்கள், நல்ல நாட்களில் ஒரே விடை. கருவி ஊமையான இரவில் ஓர் ஏணி தூங்கிவிடும், இன்னொன்று சங்கை ஊதிவிடும்.

இரயில்வேக்காரர்கள் இதை மின்னணுவுக்கு முன்பே யோசித்து வைத்தார்கள். பழைய கைகாட்டி மரங்களில் கம்பி அறுந்தால் கை கிடைமட்டத்துக்கே திரும்பிவிடும். கிடைமட்டம் என்றால் 'நில்'. பழுது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை வடிவமைத்தவரே முடிவு செய்துவிட்டார்.

இந்த 'இல்லையெனில்' எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1957-இல் வந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழியில் நிபந்தனை என்பது ஒரு தாவல். எண் பூஜ்யத்துக்குக் கீழா, பூஜ்யமா, மேலா என்று பார்த்து மூன்று வரிகளில் ஒன்றுக்குத் தாவச் சொல்வது. 1960-இல் வந்த அல்கால் 60 'என்றால் - இல்லையெனில்' என்ற ஜோடியை மொழிக்குள் நிலைநிறுத்தியது. கண்டபடி தாவும் கட்டளைகள் தீங்கானவை என்று டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-இல் ஒரு கடிதம் வெளியிட்டார். வாதம் பல வருடம் ஓடியது. இன்று பள்ளிப் பாடத்தில் இருக்கும் பைத்தான் அந்த ஜோடியின் வாரிசு.

பழுதான கருவிக்குத் திரும்புவோம். சாய்வு ஏணியோடு நிறுத்திவிடவும் முடியாது. பழுதான கருவி 0 என்று காட்டினால் அதுவும் 'வேண்டாம்' என்றே சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு முன் 65 அடி இருந்த தண்ணீர் இப்போது 0 என்றால் அணை வற்றிவிட்டது என்று யாரும் நினைக்கமாட்டோம், நிரல் நினைக்கும். ஆகவே ஏணிக்கு முன்னால் ஒரு வாசல் வரி வேண்டும்: அளவு வரவில்லை என்றாலோ நம்ப முடியாதது என்றாலோ, 'கருவியைப் பார்' என்று சொல்லி அங்கேயே முடித்துக்கொள். மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதல் கைபேசிக்குத் தடை. சோதனை வாசலில் நடந்துவிடுகிறது; உள்ளே சந்நிதிக்குச் சந்நிதி யாரும் மறுபடி கேட்பதில்லை. நல்ல நிரலும் ஆகாதவற்றை வாசலில் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே நிபந்தனைக்குள் நிபந்தனை என்று ஐந்தாறு அடுக்காகப் போகும் எழுத்துக்கு அப்புறம் தேவையே இருக்காது.

இது மாணவர்களின் தவறு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன்களுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பு உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் பகுதியில், ஒரு நிபந்தனைக்குக் கீழே 'முடிவுக்குத் தாவு' என்ற வரி தவறுதலாக இரண்டு தடவை இடம்பெற்றிருந்தது. அடைப்புக்குறி போடாததால் இரண்டாவது வரி நிபந்தனைக்குக் கட்டுப்படவில்லை, எப்போதும் தாவியது. அதற்குப் பின்னால் இருந்த கடைசிச் சோதனை நடக்கவே இல்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் நிரல் 'எல்லாம் சரி' என்று சொல்லிவிட்டது. சோதிக்கவில்லை என்பது சரியாக இருக்கிறது என்று படிக்கப்பட்டது. நம் அடித்தட்டில் நடந்ததும் அதுவேதான்.

இனி நிரல் எழுதக் கற்கவே வேண்டாம், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எழுதித் தரும், ஏணியை நேர்த்தியாகவே அடுக்கித் தரும். ஆனால் கருவி ஊமையானால் அமைதியின் பக்கம் சாய வேண்டுமா, சங்கின் பக்கம் சாய வேண்டுமா என்பது ஆற்றையும் கரையையும் அறிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கேட்கத் தெரியாதவருக்கு எந்த இயந்திரமும் அதைத் தானாகத் தந்துவிடாது. 'ஸ்மார்ட்' என்ற பட்டம் ஒட்டிய எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அளவு வராதபோது இது என்ன சொல்லும்?

மாணவிக்குச் சொல்வது இது. உங்கள் ஆசிரியர் சொன்னது சரி. அடுத்த முறை நிரலைத் தட்டுவதற்கு முன், கடைசி 'இல்லையெனில்' என்ற தட்டில் எவையெல்லாம் வந்து விழும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் 'தெரியவில்லை' என்று ஒன்று இருந்தால், அதை 'அபாயம் இல்லை' என்பதோடு சேர்க்காதீர்கள். அதற்குத் தனிப் படி கொடுங்கள். அந்தப் படியை முதலில் வையுங்கள்.