தொல்பாறை நிலத்தில் நிலநடுக்கம்: 1900ஆம் ஆண்டுக் கோயம்புத்தூர் நிகழ்வும் கொங்கு நாட்டின் புவியமைப்பும்

முன்னுரை

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அளவு ஏறத்தாழ 6 எனவும், அதன் மையம் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதி எனவும் பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அவ்வதிர்வு உணரப்பட்டது. கொங்கு நாட்டில் எரிமலை இல்லை; புவித்தட்டின் விளிம்பும் அருகில் இல்லை; பல ஊர்களில் கிணறு வெட்டுவோர் சில அடி ஆழத்திலேயே கடும்பாறையை எதிர்கொள்கின்றனர். இத்தகைய நிலமும் நடுங்குவது ஏன் என்பதையும், பாறையின் பழமையும் கடினமும் மட்டுமே காப்பாகிவிடா என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கொங்கு நாட்டின் பாறைகள்

பாறைகள் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூவகைப்படும். கொங்கு நாட்டில் மிகுதியாகக் காணப்படுவன நைஸ், சார்னோக்கைட் முதலிய உருமாறிய பாறைகளாகும். சார்னோக்கைட் 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாவது. மேலிருந்த பாறையடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்டமையால் அது இன்று நிலத்தின் மேற்பரப்பில் தோன்றுகிறது. நீலகிரியின் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. காங்கேயத்தை அடுத்த சிவன்மலையின் நெபிலின் சயனைட் தீப்பாறை வகையைச் சார்ந்தது. எரிமலையாக வெளிப்படாமல் நிலத்தடியிலேயே குளிர்ந்து இறுகிய பாறைக்குழம்பு அது. ஆகவே, இன்று அமைதியாகத் தோன்றும் இந்நிலம் தொன்மைக்காலத்தில் பெரும் புவியியக்கங்களுக்கு உட்பட்டதே.

பழைய பிளவுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய், தென்மேற்குப் பருவக்காற்றின் வாயிலாகவே பெரிதும் அறியப்படுகிறது. புவியியலாளர் இதனைப் பாலக்காடு–காவிரி சறுக்குப்பெயர்ச்சி மண்டலத்தோடு இணைத்துக் காண்கின்றனர். பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்த நீண்ட பட்டை இது. இதன் வடபால் உள்ள பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உருமாற்றத்தைக் காட்டுகின்றன. தென்பால் உள்ளவற்றில் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பத்தின் தடயங்கள் மேலோங்கியுள்ளன. கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம் அது. ஒட்டவைத்த மண்கலம் மீண்டும் அழுத்தம் பெறும்போது பழைய ஒட்டிலேயே விரிசல் காண்பது போல, புவியோட்டிலும் பழைய பிளவுகளே முதலில் நெகிழ்கின்றன.

அழுத்தத்தின் தோற்றுவாய்

இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்கு நோக்கி நகர்கிறது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யூரேசியத் தட்டோடு அது மோதியதன் விளைவே இமயமலை. இம்மோதலின் அழுத்தம் விறைப்பான தட்டின் வழியாகத் தொலைவில் உள்ள தக்காணத்தையும் எட்டுகிறது. தட்டின் உட்பகுதியில் அழுத்தம் மிக மெதுவாகச் சேர்வதால் பெரிய அதிர்வுகள் நெடிய இடைவெளியில் நிகழ்கின்றன. ஒரு தலைமுறையின் நினைவில் அதிர்வு இல்லாமை, நிலத்தில் அழுத்தம் இல்லாமை ஆகாது. அன்றைய வரைபடத்தில் மிகக் குறைந்த இடர் மண்டலத்தில் வைக்கப்பட்டிருந்த லாத்தூர்ப் பகுதியில் 1993 செப்டம்பர் 30 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 7,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோயம்புத்தூருக்கு அண்மையில், திருச்சூர் மாவட்டத்து வடக்காஞ்சேரியில் 1994 டிசம்பர் 2 அன்று 4.3 அளவுள்ள அதிர்வு பதிவானது.

அதிர்வும் கட்டடமும்

பழமையான, குளிர்ந்த கடும்பாறையில் அதிர்வலைகள் ஆற்றலை மெதுவாகவே இழப்பதால் நெடுந்தொலைவு செல்கின்றன. பாறையின் மேல் உள்ள மென்மண் அவ்வலைகளைப் பெருக்கவும் கூடும். ஆதலால் பாறைமீது நிற்கும் வீடும், நொய்யல் கரையின் வண்டலிலோ கரிசலிலோ நிற்கும் வீடும் ஒரே நிலநடுக்கத்தில் ஒரே அளவில் குலுங்குவதில்லை. 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்தன. வாகன நிறுத்தத்திற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களில் நிறுத்திய கட்டடங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவ்வகைக் கட்டடங்கள் இன்று கோயம்புத்தூரிலும் உள்ளன.

ஐ.எஸ். 1893 தர விதியின் 2002, 2016ஆம் ஆண்டுப் பதிப்புகள் கோயம்புத்தூரை மூன்றாம் மண்டலத்தில் வைத்துள்ளன. அம்மண்டலத்துக் கான்கிரீட் கட்டடங்களின் தூண்களும் உத்திரங்களும் உடையாமல் வளைந்துகொடுக்கும் வகையில் கம்பி கட்டப்பட வேண்டும் என்பதை ஐ.எஸ். 13920 வரையறுக்கிறது.

முடிவுரை

கொங்கு நாட்டின் நிலநடுக்க இடருக்குப் பழைய பிளவுகள், தொலைவிலிருந்து வரும் தட்டு அழுத்தம், மண்ணின் இயல்பு ஆகிய மூன்றும் காரணங்களாகின்றன. நிலநடுக்கம் நிகழும் நாளை முன்கூட்டி அறிய இன்று வழியில்லை. கட்டடத்தின் உறுதியை முன்கூட்டி அமைக்க வழியுண்டு. 1900ஆம் ஆண்டில் சிறு நகராக இருந்த கோயம்புத்தூர் இன்று மாநகராக வளர்ந்துள்ளது. அதே அளவுள்ள அதிர்வு மீண்டும் நிகழுமாயின் இழப்பின் அளவைத் தீர்மானிப்பவை அடித்தள மண்ணைச் சோதிப்பதும் விதிப்படி கட்டுவதுமே ஆகும்.