தொலைதூர சர்வரில் கோப்பு இருந்தும் திறக்காதது ஏன்?

ஸ்ரீ விஜயபுரம்: சென்னையில் உள்ள சர்வரில் சேமிக்கப்பட்ட கோப்புகளை, அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேர்) லம்பா லைன் பகுதியில் ஓர் அலுவலகம் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். சென்னையில் திருத்தப்பட்ட பட்டியல் இங்கு பழையபடியே தெரியலாம். சில வேளைகளில் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பிழைச் செய்தியும் வரலாம்.

2020 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னை-அந்தமான் கடலடி கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியாகக் கேள்வியும் பதிலும் சென்றுவர சுமார் அரை விநாடி ஆகும். ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள இக்கேபிளில் ஒளி சென்று திரும்ப, கணக்குப்படி சுமார் 23 மில்லி விநாடிகளே தேவை. எனினும், வேகம் மட்டுமே இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையில், பயனரின் கணினி கோப்பின் விவரங்களைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இந்நேரம் வழக்கமாக 3 முதல் 60 விநாடிகள். சென்னையில் திருத்தியவர் கோப்பை மூடிய பின், இங்கு அதை மூடித் திறந்தாலே பெரும்பாலும் புதிய விவரம் வந்துவிடும்.

பிழைச் செய்திக்குக் காரணம் வேறு. சர்வர் கோப்பைப் பெயரால் அல்ல, 'ஹேண்டில்' எனும் அடையாளத்தால் அறிகிறது. கோப்பை அழித்து அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால், பழைய அடையாளம் செல்லாது. ஒரு கோப்பு மட்டும் திறக்காவிட்டால், கோப்புறைக்குள் மீண்டும் சென்று திறக்கலாம். எல்லாக் கோப்புகளும் திறக்காவிட்டால், சர்வரின் வட்டோ பகிர்வு அமைப்போ மாறியிருக்கக்கூடும். அப்போது இணைப்பை அவிழ்த்து மீண்டும் பொருத்த வேண்டும்.

இவற்றைவிடக் கவனம் தேவைப்படுவது கோப்புப் பூட்டு. என்.எஃப்.எஸ். 4-ம் பதிப்பில் லினக்ஸ் சர்வர் பூட்டுக்கு வழக்கமாக 90 விநாடி தவணை அளிக்கிறது. தொடர்பு அதைவிட நீண்ட நேரம் அறுந்தால், பூட்டு வேறொருவருக்குப் போகலாம். இருவர் ஒரே கோப்பைத் திருத்தி, ஒருவரது உழைப்பு அழியும் அபாயம் அங்குதான் உள்ளது. சர்வர் மறுதொடக்கத்துக்குப் பின் பழைய பூட்டுகளை மீட்க அவகாசம் உண்டு. பொறுமையின்றி மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்தால் காத்திருப்பே நீளும்.

இணைப்பை வலிந்து துண்டித்தால் சர்வரை எட்டாத தரவு இழக்கப்படலாம். எனவே திறந்திருக்கும் பணியை முதலில் கணினியிலேயே நகலெடுத்து வைப்பது அவசியம்.